செம்பூருக்குப் போன டைகள்

தாராவி
12 ஜூன் 2024

லிசா,

இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. உன் போனில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். என் வீட்டுக்காரர் சிராஜின் போனிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேப்பர். நம் தையல் பெண்களில் முத்துமாரிதான் மான்குர்த் ரயிலில் போகிறவள். வழியில் செம்பூரில் இறங்கி இதை உன் கையில் கொடுப்பாள். படித்துவிட்டுக் கிழித்துப் போடு. ஆனால் படி.

என் தம்பி ஜீஷானும் உன் தங்கை பெனிட்டாவும் ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டுப் போனார்கள். திங்கட்கிழமை காலையில் நீ ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எங்க வச்சிருக்கிய என் தங்கச்சிய?" என்று எல்லாப் பெண்களுக்கும் முன்னால் கத்தினாய். எனக்கே அப்போதுதான் தெரியும் என்றேன். நீ கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, துணி வெட்டுகிற கத்தி அச்சுகளை, அந்த டைகளை எல்லாம் அரிசிச் சாக்கில் போட்டு, ஒரு கூலி ஆள் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாய்.

இப்போது வெட்டு மெஷின் மேஜை மேல் சும்மா கிடக்கிறது. டை இல்லாவிட்டால் அது இரண்டு உருளையும் ஒரு மோட்டாரும்தான். பெண்கள் கத்தரிக்கோலால் துணி வெட்டுகிறார்கள். ஒருத்தி வெட்டிய சதுரம் இன்னொருத்தி வெட்டிய சதுரத்தோடு சேர மாட்டேன் என்கிறது. பாந்த்ரா கடைக்குத் தர வேண்டிய குழந்தைக் குவில்ட்டுகள், அந்த ஒட்டுத்துணிப் போர்வைகள் எல்லாம் எட்டு முனை நட்சத்திரம் வைத்தவை. அந்த ஆர்டரை இரண்டு பேரும் சேர்ந்து போய்த்தான் வாங்கினோம். நான் ஒப்புக்கொண்டபோது நீயும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாய்.

உன் தங்கை கைக்குழந்தை இல்லை. இருபத்தாறு வயது. என் தம்பி அவளைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போகவில்லை. சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போனது நீதான், என் டைகளை.

முத்துமாரியிடம் கொடுத்தனுப்பு. மொத்தமாக அவளால் சுமக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு.

நூர் நிஷா

•

செம்பூர்
15 ஜூன் 2024

நூர் நிஷா அவர்களுக்கு,

அக்கா என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். அடித்த இடம் மேலே தெரியும். தெரியட்டும்.

"என் டைகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதிலிருந்து? மெஷின் உங்கள் பெயரில் வந்தது. அது உங்களிடமே இருக்கிறது, நான் தொடவில்லை. நட்சத்திரத்தை வரைந்தது யார்? அட்டையில் வெட்டி வெட்டிப் பார்த்துக் கோணத்தைச் சரி செய்தது யார்? அதை எடுத்துக்கொண்டு அலைந்து டை அடித்து வாங்கி வந்தது யார்? நீங்கள் அப்போது "சீக்கிரம் முடி, கரண்ட் போவப் போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரி கேட்டீர்களா? அம்மா படுக்கையை விட்டு எழவில்லை. அண்ணன் ஆபிரகாம் ஆண்டாப் ஹில்லில் இருக்கிற தன் குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான். என் போன் அவன் கையில். பெனிட்டா கூப்பிடுவாள், இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று காத்திருக்கிறான். உங்கள் நம்பரை பிளாக் செய்ததும், உங்கள் குரல் கேட்டதும் வைத்ததும் அவன்தான். மன்னிப்புக்காக இதைச் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் வைத்திருப்பேன். சர்ச்சில் எங்கள் பெஞ்சில் எங்களோடு இப்போது யாரும் உட்காருவதில்லை.

உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்கிறீர்கள். உங்கள் மெஷின் பக்கத்தில்தான் நடந்தது. பெனிட்டா டை மேல் துணியை அடுக்கி, அதன் மேல் பிளாஸ்டிக் மேட் தகட்டை வைத்து, உருளைக்குள் தள்ளுவாள். மறுபக்கம் உங்கள் தம்பி நின்று வாங்குவான். அது ஒரு ஆள் செய்கிற வேலை. எத்தனையோ நாள் நான் தனியாகச் செய்திருக்கிறேன். கீழே உங்கள் வீட்டுக்காரரின் தோல் கோடவுனில் நிற்க வேண்டியவன் மாடிக்கு வந்து துணித்துண்டு பொறுக்குவது எதற்கு என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? "பாவம், பிள்ள உதவியா இருக்கான்" என்றீர்கள். நான் பக்கத்து அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கண் எதிரில் நின்றது நீங்கள்.

அவள் எங்கே என்று எழுதுங்கள். அதன் பிறகு டைகளைப் பற்றிப் பேசலாம்.

லிசா

•

தாராவி
25 ஜூன் 2024

லிசா,

எங்கே என்று எனக்குத் தெரியாது. இனி இந்தக் கேள்வியைக் கேட்காதே. பக்ரீத்துக்குக்கூட அவன் வரவில்லை. அவன் பங்கை எடுத்து மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் வீட்டில் மட்டும்தான் ஒரு பிள்ளை காணாமல் போனது போல எழுதுகிறாய்.

நேற்று உன் அண்ணன் வந்தான். கூட இரண்டு பேர். ஏணிப்படியில் ஏறி உள்ளே வந்து, "எங்க வீட்டுப் பிள்ளய எங்க மறைச்சு வச்சிருக்க, சொல்லு" என்று மேஜையை உதைத்தான். முத்துமாரிதான் எழுந்து போனாள். "அண்ணாச்சி, பொம்பளைங்க வேல செய்யுத இடம் இது. வெளிய நின்னு பேசுங்க" என்றாள். அவளைப் பிடித்துத் தள்ளினான். அவள் இஸ்திரி மேஜை மேல் போய் விழுந்தாள். சூடாக இருந்த பெட்டியில் கை பட்டுத் தோல் உரிந்துவிட்டது. சத்தம் கேட்டுச் சிராஜும் கோடவுன் ஆட்களும் மேலே வந்த பிறகுதான் இறங்கினான். இறங்கும்போது, "ரெண்டு பேரும் என் கண்ணுல பட்டாங்கன்னா அன்னைக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். இன்னொரு தடவை வந்தால் போலீஸுக்குப் போவேன். உன் முகத்துக்காகப் பார்க்க மாட்டேன்.

டை இல்லாவிட்டால் நான் படுத்துவிடுவேன் என்று நினைத்தாயோ? சிராஜுக்கு பேக் தோல் வெட்டுகிற டைகளை அடித்துக் கொடுக்கிற ஆளையே கூப்பிட்டேன். தைத்து முடித்த ஒரு குவில்ட்டைக் கொடுத்து, இதே மாதிரி வேண்டும் என்றேன். அளந்து அடித்துக் கொடுத்தார். தோல் வெட்டுகிற பிரஸ்ஸில் வைத்து வெட்டினோம். தைத்தோம். எட்டுத் துண்டும் சேர்ந்ததும் நட்சத்திரத்தின் நடு தூக்கிக்கொண்டது. இஸ்திரி போட்டால் மடிகிறது, விட்டால் மறுபடி எழுகிறது. ஒரு பெண் அதை எடுத்துத் தலையில் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வெட்டிக் குவித்திருந்த துணியைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. நீ இதைப் படித்துச் சந்தோஷப்படு.

ஒன்று மட்டும் சொல்கிறேன். முப்பத்தெட்டு வயது வரை உனக்கு ஒரு கல்யாணம் அமையவில்லை. அந்த எரிச்சலை எங்கள் மேல் கொட்டாதே.

நூர் நிஷா

•

செம்பூர்
29 ஜூன் 2024

நூர் நிஷா அவர்களுக்கு,

அண்ணன் அங்கே வந்தது எனக்குத் தெரியாது. முத்துமாரியின் கையைப் பார்த்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அவளிடம் மட்டும். "ரெண்டு பேருக்கும் தபால்காரியும் நாந்தான், அடி வாங்குததும் நாந்தானா?" என்றாள். மருந்து வாங்கிக் கொடுத்தேன். அண்ணனிடம் கேட்டபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னான்.

உங்கள் கடைசி வரிக்கு நான் பதில் எழுத மாட்டேன். அதை எழுதும்போது பேனாவை நன்றாக அழுத்தியிருக்கிறீர்கள். பேப்பரின் பின்பக்கம் வரை தடம் தெரிகிறது.

நட்சத்திரம் தூக்கிக்கொள்ளாமல் என்ன செய்யும்? தைத்து முடித்த துண்டில் தையலுக்குள் போன விளிம்பு வெளியே தெரியாது. உங்கள் ஆள் கண் மதிப்பில் விளிம்பு விட்டிருப்பார். ஒரு துண்டில் நூல் அளவு கூடினால் எட்டுத் துண்டில் அது எங்கே போகும்? நடுவுக்குத்தான் வரும். அதோடு தோல் அடுக்கினால் அசையாது, பருத்தித் துணி வழுக்கும். மழைக்காலத் துணியில் ஈரம் வேறு. நம் டைகளில் கத்தியைச் சுற்றி ஸ்பாஞ்ச் இருப்பது அழகுக்கு இல்லை, அதுதான் துணியைப் பிடித்துக்கொள்கிறது. உங்களுக்கு உதவி செய்வதற்காக இதை எழுதவில்லை. என் நட்சத்திரத்தை ஒருத்தி தலையில் தொப்பியாக வைத்தாள் என்று படித்தபோது வயிறு எரிந்தது, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு பதில் வேண்டும். அவளை மதம் மாற்றிவிட்டீர்களா? அம்மா தினமும் இதைத்தான் கேட்கிறாள். என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? ஃபர்ஸானாவா, அஸ்ரினா? எங்கள் அப்பா சாகும்போது கடைசியாகக் கூப்பிட்டது பெனிட்டா என்ற பெயரைத்தான். அதை மாற்றுவதற்கு உங்கள் ஜமாத்துக்கு யார் உரிமை கொடுத்தது?

லிசா

•

தாராவி
9 ஜூலை 2024

லிசா,

ஜீஷான் நேற்று கூப்பிட்டான். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். வடாலாவில் ஒரு நண்பனின் அறையில் இருக்கிறார்கள். இதற்கு மேல் இடம் கேட்காதே.

உன் தங்கை பெயர் பெனிட்டாதான். யாரும் மாற்றவில்லை. பதிவாளர் ஆபீஸில் ஸ்பெஷல் மேரேஜ் சட்டத்தில் பதிவு செய்ய நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். அவள் சர்ச்சுக்குப் போவாள், அவன் பள்ளிவாசலுக்குப் போவான். இரண்டு பேர் பெயரும் போட்டோவும் அங்கே போர்டில் ஒட்டியிருக்கிறது. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் சொல்ல வேண்டுமாம். அது முடிந்ததும் கல்யாணம்.

ஜமாத் என்று எழுதியிருந்தாய். எங்கள் பெரியவர்கள் சிராஜைக் கூப்பிட்டு, "பொண்ணு இஸ்லாத்துக்கு வராம என்ன நிக்காஹ்?" என்று கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். வந்ததும் என்னிடம், "உன் தம்பி இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது. வச்சா நான் வெளிய போயிடுவேன்" என்றார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அன்றுதான். எனக்கும் இந்தக் கல்யாணத்தில் இஷ்டம் இல்லை. எங்கள் உம்மா இருந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டாள். உன் சர்ச் பெஞ்சு மாதிரிதான் என் தெருவும் இருக்கிறது. ஆனால் நான் யார் வீட்டு மேஜையையும் போய் உதைக்கவில்லை.

நோட்டீஸ் விஷயத்தை உன்னிடம் சொல்லும்படி கேட்டது பெனிட்டா. "லிசாக்காகிட்ட மட்டும் சொல்லுங்க" என்றாள். வேண்டாம் என்று சொன்னேன். உன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருக்கிறது.

நூர் நிஷா

•

செம்பூர்
15 ஜூலை 2024

நூர் நிஷா அவர்களுக்கு,

நான் அண்ணனிடம் சொல்லவில்லை. நம்பினால் நம்புங்கள். யாரோ அந்த போர்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் குரூப் எல்லாவற்றிலும் அவள் போட்டோ சுற்றுகிறது. கீழே எழுதியிருப்பதை என்னால் இங்கே எழுத முடியாது.

அண்ணன் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தான். வயது சரியாக இருக்கிறது, இரண்டு பேருக்கும் வேறு கல்யாணம் இல்லை. அதனால் ஆட்சேபம் சொல்ல ஒரே வழிதான் இருக்கிறதாம். பெண்ணுக்குப் புத்தி சரியில்லை என்று சொல்ல வேண்டும். அப்பா இறந்த வருஷம் பெனிட்டா மனநல டாக்டரிடம் போய் மருந்து சாப்பிட்டாள் இல்லையா, அந்தச் சீட்டு எல்லாம் அம்மாவின் பெட்டியில் இருந்தது. எடுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான். அதனால் சாட்சி சொல்ல வேண்டியதும் நான்தானாம். வெள்ளிக்கிழமை விசாரணை.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த சொல்லுட்டி. கல்யாணம் நின்னுட்டா பிள்ள வீட்டுக்கு வந்துருவா. வந்தப்புறம் நாம பாத்துக்கிடலாம்" என்கிறாள். அவள் இவ்வளவு நேரம் என் கையைப் பிடித்திருந்து பல வருஷம் ஆகிறது.

நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கு எழுதித் தர மாட்டேன். உங்கள் தம்பியால்தான் அவள் போட்டோ கண்ட கண்ட போனில் கிடக்கிறது. அதை மறக்காதீர்கள்.

லிசா

•

தாராவி
16 ஜூலை 2024

லிசா,

முத்துமாரியை வேலையை விட்டு எழுப்பி இப்போதே அனுப்புகிறேன்.

பெனிட்டாவை ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டி வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஊசியில் நூல் கோக்க அவளால் முடியவில்லை. யார் பேசினாலும் சுவரைப் பார்த்தாள். "கையில ஏதாவது வேல குடுங்கக்கா, வீட்டுல இருந்தா படுத்தே கெடக்கா" என்று நீதான் சொன்னாய். தையலில் உட்கார வைக்க முடியாது என்று வெட்டு மெஷினில் நிறுத்தினேன். துணியை விரி, மேட்டை வை, தள்ளு. முதலில் நான் பக்கத்திலேயே நின்றேன். பிறகு நிற்க வேண்டியிருக்கவில்லை. போன வருஷம் நம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன ஒவ்வொரு குவில்ட்டும் அவள் கை வெட்டியது. பைத்தியம் வெட்டிய துணியையா பச்சைப் பிள்ளைகளுக்குப் போர்த்தச் சொல்லி விற்றோம்?

வெள்ளிக்கிழமை நீ அப்படிச் சொன்னால் கல்யாணம் மட்டும் நிற்காது. நாளைக்கு அவள் வேலை கேட்டுப் போகும் இடத்தில், வீடு கேட்டுப் போகும் இடத்தில், எங்கேயும் அந்தப் பேப்பர் முன்னால் போய் நிற்கும். உன் அம்மா அதைப் பார்த்துக்கொள்வாளா?

எனக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை. நின்றால் என் வீட்டில் நிம்மதி வரும். ஆனால் இந்த வழியில் வேண்டாம். நீ அதைச் சொல்லிவிட்டு வந்தால், பிறகு என் தெருவில் உன்னைப் பார்த்தால் எல்லாருக்கும் முன்னால் நானே உன்னைத் தடுத்து நிறுத்திக் கேட்பேன்.

நூர் நிஷா

•

செம்பூர்
21 ஜூலை 2024

நூர் நிஷா அவர்களுக்கு,

உங்கள் மிரட்டலுக்காக நான் எதையும் செய்யவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அண்ணனோடு டாக்சியில் போனேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தான். உங்கள் தம்பியும் பெனிட்டாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மெலிந்துவிட்டாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போனாள், அண்ணன் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி ஒரு அம்மா. மருந்துச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலில் பெனிட்டாவையே கேட்டார். அவள் எழுந்து நின்று இந்தியில் பேசினாள். "ஆமாம், அப்பா இறந்தபோது மருந்து சாப்பிட்டேன். தூக்கம் வராமல் இருந்தால் இப்போதும் டாக்டரிடம் போவேன். அதனால் எனக்கு யாரைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?"  சுவரைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "ஆப் படீ பெஹன் ஹோ நா? ஆப் போலியே" என்றார், நீங்கள் அக்காதானே, சொல்லுங்கள் என்று. அண்ணன் என் முழங்கையைத் தொட்டான். நான் அக்காதான் என்றேன். என் தங்கைக்கு எந்தக் கோளாறும் இல்லை என்றேன். அவளுக்கு வந்தது துக்கம், அது எனக்கும் வந்தது, நான் டாக்டரிடம் போகவில்லை, அவள் போனாள் என்றேன். ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டார்கள்.

மாடிப்படியில் அண்ணன் என்னை அறைந்தான். உங்கள் தம்பி ஓடி வந்தான். கையைக் காட்டி அவனை நிறுத்தினேன். அவன் என்னைக் காப்பாற்ற வேண்டிய நிலைக்கு நான் இன்னும் வரவில்லை. அண்ணன் நேரே வீட்டுக்குப் போய் அம்மாவை ஆண்டாப் ஹில்லுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அம்மா தன் தலையணையைக்கூட எடுத்துக்கொண்டாள். 

போன் இப்போது என் கைக்கு வந்துவிட்டது. உங்கள் நம்பரைத் திறக்கவில்லை. பேப்பரில் கத்த முடியாது, அது எனக்கு வசதியாக இருக்கிறது.

மெஷினோடு வந்த சதுரம், முக்கோணம், பட்டை டைகளை எல்லாம் நாளைக்கு ஒரு டெம்போவில் அனுப்புகிறேன். அவை மெஷினுக்குச் சொந்தம். நட்சத்திரம் என்னுடையது, தர மாட்டேன். உங்களோடு சேர்ந்து இனி வேலை செய்யவும் மாட்டேன். செம்பூரிலேயே கையால் சுற்றுகிற சின்ன மெஷின் ஒன்று வாங்கி, குவில்ட் தைக்கிறவர்களுக்குத் துண்டு வெட்டிக் கொடுக்கப் போகிறேன்.

லிசா

•

தாராவி
2 ஆகஸ்ட் 2024

லிசா,

டைகள் வந்தன. ஒன்றில் ஸ்பாஞ்ச் கிழிந்திருக்கிறது. சாக்கில் அள்ளிப் போட்டால் கிழியாமல் என்ன செய்யும்?

பாந்த்ரா கடைக்காரியிடம் நட்சத்திரம் வராது என்று சொல்லிவிட்டேன். சதுரமும் முக்கோணமும் வைத்து வேறு ஒன்று காட்டினேன். முகத்தைச் சுளித்தாள், பாதி ஆர்டரைக் குறைத்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டாள். தனியாக வேலை செய்வேன் என்று எழுதியிருந்தாய். செய். எனக்கும் நிம்மதி. துணி நிறம் பிடிக்கவில்லை என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிற ஆள் இனி இங்கே இல்லை.

கல்யாணம் ஒன்பதாம் தேதி. மூன்று சாட்சிகள் வேண்டும். வடாலா நண்பன் ஒருவன். சிராஜ் வர மாட்டார், நான் வருகிறேன். அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோடவுனுக்கு இறங்கிப் போய்விட்டார். இன்னும் ஒரு ஆள் வேண்டும். பெனிட்டாவுக்கு உன்னைக் கேட்கப் பயம். அதனால் நான் எழுதுகிறேன். உன் அண்ணன் அறைந்ததில் உனக்கு உதடு கிழிந்தது என்று ஜீஷான் சொன்னான். அதை நீ எழுதவில்லை.

வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் என்னோடு பேச வேண்டாம்.

நூர் நிஷா

•

செம்பூர்
12 ஆகஸ்ட் 2024

நூர் நிஷா அவர்களுக்கு,

வந்தேன், கையெழுத்துப் போட்டேன். சொன்னபடி உங்களோடு பேசவில்லை. ஆனால் நீங்கள் அன்று செய்ததை எழுதாமல் இருக்க முடியாது.

எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் உங்கள் தம்பியின் நண்பன் தயங்கித் தயங்கிச் சொன்னான். வடாலா அறையின் சொந்தக்காரருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, அன்றே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் என்று. ஒரே மதத்துப் பெயராக இருந்தால் பரவாயில்லை, வாசலில் இரண்டு விதமான பெயர் வேண்டாம் என்றாராம். எல்லாரும் உங்களைத்தான் பார்த்தோம். உங்களுக்கு மாடி இருக்கிறது, கோடவுன் இருக்கிறது. நீங்கள் பர்ஸைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தீர்கள். "சிராஜ் ஒத்துக்கிட மாட்டாரு" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தீர்கள். மாலையோடு நிற்கிற தம்பியைத் தெருவில் விட்டுவிட்டு டாக்சி பிடித்துப் போனீர்கள்.

அவர்கள் என்னோடுதான் இருக்கிறார்கள். அம்மாவின் அறையைக் கொடுத்துவிட்டேன். எங்கள் குடியிருப்பு சொஸைட்டியில் யாராவது கேட்டால் என் தங்கையும் அவள் புருஷனும் என்கிறேன். கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

லிசா

•

தாராவி
17 ஆகஸ்ட் 2024

லிசா,

நீ பெரிய மனசுக்காரி. ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்.

டாக்சியில் ஏறிய பிறகு நான் என்ன ஆனேன் என்று உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவனுக்கு எட்டு வயதாக இருக்கும்போது எங்கள் உம்மா போனாள். குளிப்பாட்டி, தலை துவட்டி, ஸ்கூலுக்கு அனுப்பி வளர்த்தது நான். பிள்ளை இல்லாத எனக்கு அவன்தான் பிள்ளை. இன்று அவன் காலையில் எழுந்தால் யார் கையால் டீ குடிக்கிறான்? உன் கையால். உன் தங்கையை என் தம்பி கொண்டுபோனான் என்று மெஷினை முடக்கினாயே, இப்போது என் தம்பியை நீ கொண்டுபோய்விட்டாய். நான் எதை அள்ளிக்கொண்டு போவது?

அவனுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது. உன் சமையலில் எப்போதும் மிளகாய் அதிகம். மழையில் நனைந்தால் இரண்டாம் நாள் நெஞ்சில் சளி கட்டும். இதைக்கூட நான்தான் சொல்லித்தர வேண்டும்.

வெள்ளிக்கிழமை கோடவுன் வேலைக்கு வருவான் என்று எதிர்பார்த்தேன். சிராஜ் இரண்டு தடவை ரோட்டைப் பார்த்துவிட்டு வந்து, "அவன் இல்லாம மும்பைல லோடு ஏத்த ஆளே இல்லியா?" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம்.

நூர் நிஷா

•

செம்பூர்
21 ஆகஸ்ட் 2024

நூர் நிஷா அவர்களுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதினீர்கள். உங்கள் தம்பி விடவில்லை.

முத்துமாரி கடிதம் கொடுத்தபோது அவன்தான் கதவைத் திறந்தான். உங்கள் கையெழுத்து அவனுக்குத் தெரிகிறது, ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியாது. பெனிட்டா எழுத்துக் கூட்டிப் பார்த்து விட்டுவிட்டாள். இரண்டு பேரும் இந்தி ஸ்கூல் பிள்ளைகள். "லிசாக்கா, படிச்சுச் சொல்லுங்க" என்று என் முன்னால் வந்து உட்கார்ந்தான். நீங்கள் என்னைத் திட்டியிருந்த வரிகளை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். பிறகு விடாமல் எல்லாவற்றையும் வாசித்தேன். என் சமையலைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் சிரித்தான். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான், அதை நான் மறக்கப் போவதில்லை. குளிப்பாட்டித் தலை துவட்டிய இடம் வந்தபோது எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. பெனிட்டா போனாள். நான் போகவில்லை, அது என் வேலை இல்லை.

திரும்பி வந்து, "அக்காவ வரச் சொல்லுங்க" என்றான். நீயே போன் செய் என்றேன். "நான் கூப்புட்டா அழுவா. நீங்க எழுதுனா சண்ட போடவாவது வருவா" என்றான்.

அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமைக்கிறேன். மீன்தான், உங்கள் வீட்டு விதிக்கு ஒன்றும் குறை வராது. மிளகாயைக் குறைக்கப் போவதில்லை. நான் உங்களை மன்னிக்கவில்லை, நீங்களும் என்னை மன்னித்துவிட்டதாக நடிக்க வேண்டாம். கீழே வாட்ச்மேன் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பான். என் பெயரைச் சொல்லப் பிடிக்காவிட்டால், உங்கள் பிள்ளை வீட்டுக்கு என்று சொல்லுங்கள். விட்டுவிடுவான்.

லிசா